கிரமமாக வந்த கார்டுகள்

என் அகத்துக்காரருக்கு எந்தக் காரியத்தையும் சொன்ன நாளில் செய்யத் தெரியாது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைப் பொங்கலுக்குப் போய் வாங்கி வருகிற மனுஷர். அதனால் மலையிலிருந்து அவருடைய மூன்றாவது கார்டும் சொன்னபடி வந்து சேர்ந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன். அந்த விஷயத்தில் என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அவருக்கு அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். லால்குடி, முசிறி என்று சமவெளியில் சுற்றுகிற வரைக்கும் தொந்தரவில்லை. இரண்டு நாளில் ஸ்ரீரங்கம் திரும்பிவிடுவார். வருஷத்துக்கு ஒரு தரம் பச்சைமலை வரும். துறையூர் வரை பஸ், அங்கிருந்து அடிவாரத்துக்கு மாட்டு வண்டி, அப்புறம் கால்தான். மேலே தபாலாபீஸ் கிடையாது. கூடப் போக வேண்டிய பியூன் மலைச்சுரத்துக்குப் பயந்து சரியாக அந்த வாரம் பார்த்து லீவு போட்டுவிடுவான். இவர் மருந்துப் பெட்டியும் அரிசிப் பையுமாகத் தனியாகக் கிளம்பிவிடுவார்.

முந்தின வருஷம் அப்படிப் போனவர் இருபத்திரண்டு நாள் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தார். என் மாமியார் கோதைநாயகி ரங்கநாதருக்கும் தாயாருக்கும் வேண்டிக்கொண்டது போதாதென்று சமயபுரத்தாளுக்கும் வேண்டிக்கொண்டாள். பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தின் வாசலை மிதிக்காத எங்கள் அகத்தில் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். இருபத்து மூன்றாம் நாள் இவர் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாரும் ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆகவே இந்த வருஷம் கிளம்புமுன் அவருடைய அண்ணா ஸ்ரீனிவாசராகவன் சட்டம் போட்டார். அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எதற்கும் ஒரு கிரமம் வேண்டும் அவருக்கு. மலையிலிருந்து கீழே இறங்குகிற யாரிடமாவது கொடுத்தனுப்பி, மூன்று நாளைக்கு ஒரு கார்டு வந்தாக வேண்டும். எந்த ஊரில் முகாம், அடுத்து எந்த ஊர், உடம்பு எப்படி என்று அதில் இருக்க வேண்டும். மாமியார் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். என்ன சாப்பிட்டான் என்று எழுதாத கடுதாசி அவளுக்குக் கடுதாசியே இல்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். சக்ரபாணி தலையை ஆட்டிவிட்டான், இனிமேல் கவலையில்லை என்று அவருடைய அம்மாவும் அண்ணாவும் நம்பினார்கள்.

கார்டுகள் அந்த அண்ணா, அதாவது என் மைத்துனர் பேருக்குத்தான் வரும். பெண்டாட்டி பேருக்குக் கார்டு போடுகிற வழக்கம் எங்கள் வீதியில் அப்போது கிடையாது. அவர் ஆபீஸிலிருந்து வந்து, கைகால் கழுவி, திருமண் இட்டுக்கொண்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். மன்னி பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தாள். இருந்திருந்தால் அவளிடமாவது இன்னொரு தரம் படிக்கச் சொல்லியிருப்பேன். மைத்துனரிடம் நான் நேராகப் பேசக்கூடாது. எதைக் கேட்பதானாலும் மாமியாரிடம் சொல்லி, மாமியார் அவரிடம் சொல்லி, அவர் பதிலை மாமியாரிடம் சொல்லி, அது என்னிடம் வந்து சேர வேண்டும். மூன்று பேரும் பத்தடிக்குள்தான் நிற்போம்.

முதல் கார்டு அடிவாரத்திலிருந்து. அப்துல் சுக்கூர் என்பவர் மளிகைக் கடையில் இறங்கியிருப்பதாகவும், மறுநாள் மலை ஏறப்போவதாகவும் எழுதியிருந்தார். தபால்பெட்டி அந்தக் கடை வாசலில்தான் என்று போன வருஷமே சொல்லியிருக்கிறார். இரண்டாவது கார்டு சின்னக்கோம்பையிலிருந்து, புளியோதரை சாப்பிட்டாராம். மூன்றாவது மேல்கோம்பையிலிருந்து, வெண்பொங்கலாம். நாள் தப்பவில்லை. மைத்துனர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுக் கம்பியில் குத்தி வைத்தார். சட்டம் போட்டால் ஒழுங்கு தானாக வருகிறது பார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டார்.

நான்காவது கார்டு பத்தாம் தேதி வந்தது. மேலே எட்டாம் தேதி என்று போட்டிருந்தது. மைத்துனர் படித்தார். உடம்பு க்ஷேமம், முகாம் மேல்கோம்பைக்கு அடுத்த ஊர், இன்று நானே தளிகை பண்ணினேன், கத்திரிக்காய்க் கரமதும் மிளகு சாத்தமுதும், வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்குத் தேதி இடித்தது. எட்டாம் தேதி ஏகாதசி. பஞ்சாங்கத்தைப் பார்க்கவே வேண்டாம். என் வயிற்றுக்குத் தெரியும். அன்று முழுக்கப் பட்டினி கிடந்து, மறுநாள் விடியற்காலையில் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை நறுக்கியது நான்தான். இவர் எதில் ஏமாற்றினாலும் ஏகாதசியில் ஏமாற்ற மாட்டார். பூணூல் போட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரு ஏகாதசியும் தப்பியதில்லை. கல்யாணமான புதிதில் ஜுரத்தோடு இருக்கிறாரே என்று கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவருடைய தோல்பையில் சட்டை இருக்கிறதோ இல்லையோ, சின்னப் பஞ்சாங்கம் இருக்கும்.

அப்படியானால் அந்தக் கார்டை அவர் எட்டாம் தேதி எழுதவில்லை. இவ்வளவுதான் சங்கதி. இதை மாமியாரிடம் சொன்னேன். சொன்ன விதம் தப்போ என்னவோ, அவள் காதில் விழுந்தது வேறாக இருந்தது.

"ஏகாதசிக்குச் சாப்ட்டுட்டானா?" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது என்றேன். கார்டில்தான் எழுதியிருக்கிறதே என்றாள். எழுதியிருப்பது பொய் என்றேன். என் பிள்ளை பொய் சொல்லுவானா என்று கேட்டாள். ஒன்று அவர் விரதத்தை விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் எழுதியிருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று அவளால் தீர்மானம் செய்ய முடியவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் அதற்குப் பிராயச்சித்தம் என்ன, யாரிடம் கேட்கலாம், வெளியில் தெரியாமல் எப்படிச் செய்யலாம் என்று அம்மாவும் பிள்ளையும் பேச ஆரம்பித்தார்கள். மனுஷர் எங்கே இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, மனுஷர் வயிற்றில் என்ன இருந்தது என்று அரை மணி விவாதம். கதவுக்குப் பின்னால் நின்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைத்துனர் வழக்கம்போல் சமாதானம் கண்டுபிடித்தார். மலையில் நாள் கிழமை குழம்பியிருக்கும் என்று அவளிடம் சொல்லும்மா என்றார். பஞ்சாங்கம் கையில் இருக்கிறது என்று சொல்லுங்கோம்மா என்றேன். கார்டில் தபாலாபீஸ் முத்திரை எட்டாம் தேதிதான், சர்க்கார் முத்திரை பொய் சொல்லாது என்று சொல்லும்மா என்றார். முத்திரை கார்டு பெட்டியில் விழுந்த நாளைத்தான் சொல்லும், எழுதின நாளைச் சொல்லாது என்று சொல்லுங்கோம்மா என்றேன். மாமியாருக்கு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலித்துவிட்டது. பொம்மனாட்டிகளுக்கு எதையாவது கிளப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் கம்பியிலிருந்து நான்கு கார்டையும் உருவி வரிசையாக வைத்தேன். நான்கிலும் ஒரே நீல மை. நான்கிலும் பிளந்துபோன ஒரே நிப்பு. ஒவ்வொரு எழுத்தும் இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. மலையில் இவர் பென்சிலால்தான் எழுதுவார். மைக்கூடு கவிழ்ந்து பை நாசமான நாளிலிருந்து மை எடுத்துப் போவதில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்து, கடைக்காரர் பேனாவை வாங்கி, எல்லாக் கார்டையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருக்கிறார். மூன்று நாளைக்கு ஒன்றாகப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். அம்மாவுக்காகச் சாப்பாட்டு ஐட்டங்கள் வேறு யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்க மட்டும் சோம்பல். அவரை நேரில் பார்த்தால் என்ன செய்வேனோ என்றிருந்தது. அடுத்த நிமிஷம், நேரில் பார்ப்போமா என்று தோன்றிவிட்டது.

மைத்துனர் திரும்பி வந்ததும் கார்டுகளை மாமியார் கையில் கொடுத்துக் காட்டச் சொன்னேன். அவர் பார்த்தார். மை ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார். அதனால் என்ன, முன்னாலேயே எழுதி வைத்திருந்தாலும் பொறுப்பாகத்தானே செய்திருக்கிறான், எப்படியும் பதின்மூன்றாம் தேதி அடுத்த கார்டு வருகிறதா பார்ப்போம் என்றார். லீவு கிடைப்பது சிரமம் என்றும் சொன்னார்.

அப்போதுதான் அது நடந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மாமியாரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்து, எங்கள் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினேன்.

"அடுத்த கார்டு கட்டாயம் வரும். அவர் செத்துப் போயிருந்தாலும் வரும். அதுதான் உங்களுக்குப் புரியலை."

வெள்ளிக்கிழமையோ, விளக்கு வைக்கிற நேரமோ, எதையும் நான் யோசிக்கவில்லை. மாமியார் காதைப் பொத்திக்கொண்டாள். மைத்துனர் முகம் வெளுத்தது. அன்று ராத்திரி அவருக்கு இலையை மாமியாரே போட்டாள். நான் பரிமாறினால் சாப்பிட மாட்டாராம். சுமங்கலி வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிட்டதென்று எனக்காக ஒரு விளக்கும் ஏற்றினார்கள். இவருக்காக ஒரு ஆளை அனுப்ப மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தாயார் சந்நிதிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தபாலாபீஸுக்குப் போனேன். ஜன்னலில் பாக்கியநாதன் என்ற குமாஸ்தா இருந்தார். மலையடிவாரத்தில் ஒருவரிடம் விவரம் கேட்க வேண்டும், அவர் உடனே பதில் எழுதவும் வேண்டும் என்றேன். ரிப்ளை கார்டு என்று ஒன்று எடுத்துக் கொடுத்தார். இரண்டு கார்டு ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் நாம் எழுதி அனுப்பினால் மற்றதைக் கிழித்து அவர்கள் எழுதிப் பெட்டியில் போட வேண்டியதுதான். பதில் கார்டில் என் பேரையும் விலாசத்தையும் எழுதினேன். அவர் மலை ஏறிய தேதி எது, இறங்கினாரா, இந்தக் கார்டுகளை மேலேயிருந்து கொண்டுவந்து கொடுப்பது யார் என்று மூன்றே மூன்று கேள்வி அப்துல் சுக்கூரைக் கேட்டேன். எப்போது பதில் வரும் என்று பாக்கியநாதனைக் கேட்டதற்கு, நாலு நாள் ஆகுங்க என்றார். தந்தி கொடுத்தால் என்றேன். துறையூர் வரைக்கும் தந்தி போயிடும், அங்கேயிருந்து அந்தக் கிராமத்துக்கு இதே தபால்காரர்தான் இதே நடை நடக்கணும் என்றார்.

அந்த நாலு நாள் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. அகத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. பதின்மூன்றாம் தேதி ஐந்தாவது கார்டு வந்தது. உடம்பு க்ஷேமம், எலுமிச்சம்பழச் சாதம், சுட்ட அப்பளம். மைத்துனர் அன்று வழக்கத்தைவிட உரக்கப் படித்தார். கதவுப் பக்கம் பார்த்துப் படித்தார். படித்து முடித்ததும் மாமியார், பெருமாள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் எரிச்சல்தான் வந்தது.

பதினைந்தாம் தேதி என் பேருக்குக் கார்டு வந்தது. அப்படியும் தபால்காரர் அதை மைத்துனர் கையில்தான் கொடுத்தார். அன்று ஏதோ பண்டிகை விடுமுறை. அவர் அகத்தில் இருந்தார். விலாசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பழக்கதோஷத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"வைஜயந்தி அம்மாள் அவர்களுக்கு அப்துல் சுக்கூர் சலாம். இன்ஸ்பெக்டர் அய்யா போன மாதம் முப்பதாம் தேதி மலை ஏறினார்கள். இன்னும் இறங்கவில்லை. மேலேயிருந்து சேதியும் வரவில்லை. தாங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம். அய்யா எழுதிக் கொடுத்துப் போன கார்டுகளில் இன்னும் இரண்டு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்தந்தத் தேதிக்குத் தவறாமல் போட்டுவிடுகிறேன்."

கடைசி வரிக்கு வரும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. கார்டைக் கம்பியில் குத்தவில்லை. கொடியிலிருந்து மேல்துண்டை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார். லீவு எழுதிக் கொடுத்தாரா என்றுகூடத் தெரியாது. திருச்சியில் பஸ் நிற்கிற சத்திரத்துப் பக்கம் போய்த் துறையூர் பஸ்ஸைப் பிடித்ததாகப் பிறகு சொன்னார். போகும்போது, வைஜயந்தி, கதவைச் சாத்திக்கோ என்று என்னிடமே நேராகச் சொன்னார்.

மறுநாள் ஆறாவது கார்டு வந்தது. மாமியாரே வாசலில் வாங்கினாள். எனக்கும் படிக்கத் தெரியும், என் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கூடத்து மாடத்தில் கவிழ்த்து வைத்தாள். அன்று முழுக்க இரண்டு பேரும் அந்தப் பக்கம் போகாமலே நடமாடினோம்.

பதினெட்டாம் தேதி மைத்துனர் அனுப்பிய ஆள் வந்து சொன்னான். டோலியில் வைத்து இறக்கி, வண்டியில் போட்டு, திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். உயிருக்குப் பயமில்லையாம். ஜட்கா பிடித்துக்கொண்டு மாமியாரும் நானும் போனோம். காவேரிப் பாலத்தில் போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாளாக என்னோடு பேசாதவள். ஆஸ்பத்திரி வாசல் வரை கையை விடவில்லை.

அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, கட்டிலில் பாதி இடம்கூட அடைக்காமல் கிடந்தார். மைத்துனர் நடந்ததைச் சொன்னார். ஐந்தாம் தேதியே காய்ச்சல் கண்டுவிட்டது. வீரமலை என்ற மலைக்காரர் தம் குடிசையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் நாளே, கீழே போய்ச் சேதி சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், அகத்துக்குக் கிரமமாகக் கார்டு போய்க்கொண்டிருக்கிறது, வீணாகப் பயப்படுவார்கள் என்று இவர் தடுத்துவிட்டார். அதன்பிறகு இவருக்கு நினைவு தப்பிவிட்டது. சர்க்கார் உத்தியோகஸ்தர் வேண்டாம் என்று சொன்னதை மீறலாமா கூடாதா என்று வீரமலை பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமியார் கட்டிலோரமாக உட்கார்ந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். எட்டு நாளாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததை முதலில் கேட்டாள்.

"ஏகாதசிக்குச் சாப்ட்டியாடா?"

அவர் மெல்லத் தலையை அசைத்தார். "இல்லேம்மா. அதுக்கு மூணு நாள் முன்னாடியே சாப்பாடு நின்னு போச்சு."

அப்பாடா என்றாள் அவள். பெற்ற தாய்க்கு, அவர் சொன்னது என்ன என்று அதற்கு அடுத்த நொடியில்தான் உறைத்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். மைத்துனரும் பின்னாலேயே போனார்.

நான் கட்டிலண்டை நின்றேன். எட்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஏச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர்தான் பேசினார். தண்ணீர் கேட்பது மாதிரி அவ்வளவு மெதுவாக.

"கார்டு போயிண்டிருக்கு, ஒருத்தரும் கவலைப்பட மாட்டான்னு நிம்மதியாப் படுத்திருந்தேன். நடுவிலே ஒரு நாள் நினைவு வந்தது. அப்பத்தான் புரிஞ்சுது, ஒருத்தரும் தேடி வரவும் மாட்டான்னு. அதைச் சொல்றதுக்கு வாய் வரலை."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மேல் இருந்த கோபம் அழுததில் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மைத்துனர் திரும்பி வந்தபோது ஒரு யோசனையோடு வந்தார். அடுத்த வருஷத்திலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு கார்டு, அதையும் மலைக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றார். அவருக்கு இன்னொரு சட்டம் கிடைத்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பதிலை அவரிடம் சொல்லவில்லை, மாமியாரிடமும் சொல்லவில்லை; கட்டிலில் இருந்தவரிடம் சொன்னேன்.

"கார்டே வேண்டாம். இறங்கி வர நாள் ஒண்ணு சொல்லிட்டுப் போங்கோ. அன்னிக்கு நீங்க வரலைன்னா மறுநாள் நான் புறப்பட்டுடுவேன்."

"நீயா? மலைக்கு உனக்கு வழி தெரியுமா?" என்றார்.

"தெரியாது," என்றேன். "நான் அங்கே போய் அலைய வேண்டாம்னு நினைச்சா, நீங்க சொன்ன நாள்லே வாங்கோ."

வழக்கமாகச் செய்வதுபோல் அவர் தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் என் விரலைப் பிடித்தபடி கிடந்தார்.